பத்தொன்பதாவது பாட்டில் டோலக் இல்லை

வினோத்துக்கு,

நீ கேட்டது ஒரு பக்கம். "நைனா, ஒரே ஒரு பக்கம். மாமா பாட்டப் பத்தி உனக்குத் தோணுனத எழுதிக் குடு, பொஸ்தகத்துல மொதல்ல போடறேன்" என்று போனில் சொன்னாய். பத்து நாளாக எழுதுகிறேன், கிழிக்கிறேன். திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாயா என்று உங்கம்மா கேட்டுவிட்டாள். ஒரு பக்கத்துக்குள் அடங்கியதெல்லாம் படித்துப் பார்த்தால் பொய்யாக இருந்தது. அதனால் முன்னுரை எழுதும் ஆசையை விட்டுவிட்டு உனக்குக் கடிதமாகவே எழுத உட்கார்ந்துவிட்டேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது என்றாய். அதற்கு முன்னால் இதை நீ முழுக்கப் படித்தாக வேண்டும். எதையும் பாதியில் வைத்துவிட்டுப் போவது உன் பழக்கம், இதை மட்டும் அப்படிச் செய்யாதே.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய முப்பத்திநான்கு பாட்டையும் கேட்டுவிட்டேன். முட்டி வலியால் இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் ஏரிக்குப் போகிறேன் என்பது உனக்குத் தெரியும். அந்த மூன்று நாளும் போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தோணியில் கேட்டேன். வீட்டில் இருந்த நாளில் உங்கம்மாவின் சீரியல் முடிந்த பிறகு கேட்டேன். இரண்டு வருஷமாக நீ ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வந்து, எவன் வீட்டுப் பரணில் எந்தக் கேசட் கிடக்கிறது என்று அலைந்தபோது, ஸ்டுடியோவில் வேலை செய்கிற பையனுக்கு லீவு நாளிலும் இந்தப் பைத்தியம் எதற்கு என்று நினைத்தேன். என் நினைப்பு தப்பு. பூஞ்சை பிடித்த கேசட்டிலிருந்து உன் தேசப்பன் மாமாவின் குரலை இவ்வளவு சுத்தமாக எடுப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதல் பாட்டு ஆரம்பித்ததும் தோணியில் உட்கார்ந்தபடி தனியாகச் சிரித்தேன்.

பொன்னேரி பஸ்ஸுல பொட்டிக்கு டிக்கெட்டாம்
பொட்டிக்குள்ள கீற நண்டுக்கும் டிக்கெட்டாம்
நண்டுக்குக் காலு பத்து, கண்டக்டரு,
நின்னா அரை டிக்கெட்டா, உக்காந்தா முழு டிக்கெட்டா

இதை அவன் கட்டியது உண்மையிலேயே பஸ்ஸில் வைத்துத்தான். அப்போது எங்கள் இருவருக்கும் இருபது வயது. உனக்கு அவன் மாமா, எனக்கு அவன் அவன்தான், மரியாதை குறைகிறது என்று திருத்த வராதே. கண்டக்டரே சிரித்துக் கீழே இறக்கிவிடாமல் விட்டார். அந்த வருஷம் பொன்னேரியில் ஒரு கேசட் கடையின் பின்னறையில் இதைப் பதிவு செய்தோம். ஃபேன் சத்தம் விழுகிறது என்று ஃபேனை நிறுத்திவிட்டார்கள். யாராவது ஒருவன் தப்பு செய்தால் முதலிலிருந்து பாட வேண்டும். அப்படி ஏழு தடவை பாடினோம், ஏழாவது தடவையில் என் டோலக் மீது வியர்வை சொட்டுவது கூடக் கேட்கும். நீ அதைத் துடைக்காமல் விட்டிருக்கிறாய், நல்ல வேலை செய்தாய்.

ஐந்தாவது பாட்டைப் பற்றி நீ எழுதியிருக்கும் குறிப்பும் சரிதான். காதல் பாட்டு எழுதுகிறவர்கள் எல்லோரும் நிலாவையும் பூவையும் பிடித்துக்கொண்டிருந்தபோது இந்த ஆள் பெண்டாட்டியின் கோபத்தை எடுத்துக்கொண்டான் என்று எழுதியிருக்கிறாய்.

ஏரித்தண்ணி ஆறு மாசம் உப்பு, ஆறு மாசம் தித்திப்பு
சுலோ, உன் கோவம் மட்டும் இன்னா, வருசம் முச்சூடும் உப்பு

சுலோச்சனா இதைக் கேட்டுவிட்டு நான்கு நாள் அவனுக்கு மீன் குழம்பில் உப்பே போடவில்லை. அந்தக் கதையை அவன் உனக்குச் சொல்லியிருப்பான். தேசப்பனுடைய பாட்டில் கெட்டிக்காரத்தனம் தெரியாது, அதுதான் அவனுடைய கெட்டிக்காரத்தனம். எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஆரம்பிப்பான், மூன்றாவது வரியில் நம்மை அழவைத்துவிடுவான். எங்கே அழ ஆரம்பித்தோம் என்று திரும்பிப் பார்த்தால் அந்த இடம் பிடிபடாது.

இவ்வளவு பெரிய ஆளை வெளியில் யாருக்கும் தெரியாமல் போனதற்கு எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. போன வருஷம் டி.வி.யில் ஒரு பையன் நண்டுப் பாட்டைப் பாடினான். கீழே 'நாட்டுப்புறப் பாடல்' என்று எழுத்து ஓடியது. நாட்டுப்புறமாம். கட்டியவன் உயிரோடு பக்கத்து ஊரான தோணிரேவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறான். பட்டணத்தில் மேடை மேடையாகப் போனவர்கள் அவனிடமிருந்து எத்தனை வரி எடுத்துக்கொண்டு போனார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர்களை மட்டும் திட்டிவிட்டுக் கையைக் கழுவ எனக்கு யோக்கியதை இல்லை. அவன் பேர் வெளியே போகாததில் என் பங்கும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

நாங்கள் பாட்டு கட்டிய விதம் உனக்குத் தெரியாது. நீ கேட்டதும் இல்லை. தேசப்பன் காகிதத்தில் எழுத மாட்டான். ஒரு பத்தியைப் பாடிவிட்டு நிறுத்துவான். அந்த இடத்தில் என் டோலக் மட்டும் எட்டு எண்ணிக்கை பேச வேண்டும். அதற்கு நாங்கள் பதில் என்று பேர் வைத்திருந்தோம். என் பதிலைக் கேட்ட பிறகுதான் அடுத்த பத்தி அவனுக்கு வரும். வராவிட்டால் என்னைத்தான் திட்டுவான். "நீ இன்னாடா அடிக்கிற, சோறு வெந்துச்சானு கேக்கற மாதிரி கீது. அவ அழுவுறாடா, அழுவறவளுக்குப் பதில் சொல்லு" என்பான். சாவு வீட்டில் ஒரு மாதிரி, கல்யாணத்தில் ஒரு மாதிரி, ஒவ்வொரு பத்திக்கும் வேறு பதில். முதல் பதினெட்டுப் பாட்டையும் திரும்பக் கேட்டுப் பார். பத்தி முடிகிற இடத்தில் எல்லாம் நான் இருப்பேன்.

பதினெட்டாவது பாட்டுக்கு வருகிறேன். நீ அதற்கு 'ஒரு பெண்ணின் கேள்வி' என்று பேர் வைத்திருக்கிறாய். அது லட்சுமியின் கேள்வி. தெற்குப் பக்கத்து வீட்டு லட்சுமி, இப்போது மகனோடு காட்டுப்பள்ளிப் பக்கம் குடியிருக்கிறாளே, அவள்தான். அவள் புருஷன் முகத்துவாரத்தில் தோணி கவிழ்ந்து செத்துப்போனான். ஏரியில் வலை கட்டும் இடத்துக்குப் பாடு என்று பேர் என்பதும், வருஷத்துக்கு ஒரு முறை கோயில் முன்னால் சீட்டு எடுத்து யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று பிரிப்பதும் உனக்குத் தெரியும். உன் புத்தகத்தைப் படிக்கிற பட்டணத்துக்காரர்களுக்குத் தெரியாது, அவர்களுக்கும் எழுது. கல்யாணமான ஆம்பளைக்குத்தான் சீட்டு. அவன் செத்தால் அவன் பேரைச் சீட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். பெண்டாட்டிக்குக் கிடையாது. அதுதான் ஊர் வழக்கம், யாரும் அதை வழக்கம் என்று கூட நினைத்ததில்லை.

லட்சுமி புருஷனின் சாவுக்குப் பாட நானும் தேசப்பனும் போனோம். செத்தவனைப் புகழ்ந்து பாடுவதுதான் முறை. இரண்டு பாட்டு அப்படிப் பாடினான். மூன்றாவதற்கு ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்த பந்தல் பக்கம் திரும்பினான்.

அவன் செத்தான், அவன் பேரையும் எடுப்பீங்க
அவன் புள்ளைக்குப் பசி செத்துச்சா, சொல்லுங்க
ஏரி அவனுக்கு மட்டுமா தண்ணி வெச்சிது
அவ தலையில ஊத்துனது எந்த ஊருத் தண்ணி, சொல்லுங்க

இந்தப் பாட்டு எனக்கும் அன்றைக்குத்தான் புதிது. அவன் நிறுத்தியதும் என் கை தானாகப் பதில் சொன்னது. போனில் கேட்டுப் பார், நான் வாசித்ததிலேயே பெரிய பதில் அதுதான். பந்தலில் ஒருவரும் அசையவில்லை. பெண்கள் பக்கம் ஒரே அழுகை. அந்த எட்டு எண்ணிக்கையிலும் நான் யாருக்கும் பயப்படவில்லை, வினோத். அதைக் கேட்டால் உனக்கே தெரியும்.

மூன்றாம் நாள் ஊர் கூடியது. தேசப்பன் எல்லோர் முன்னாலும் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். "பாட்டுல பொய் இருந்தா சொல்லுங்க, விழுறேன்" என்றான். பொய் எது என்று யாரும் சொல்லவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்கள். நீயும்தானே கூட வாசித்தாய் என்று கேட்டார்கள். உங்கம்மா அப்போது உன் தங்கச்சியைச் சுமந்துகொண்டிருந்தாள், உனக்கு ஐந்து வயது. அந்த வருஷம்தான் முதல் முறையாக எனக்கு ஏரியில் நல்ல பாடு விழுந்திருந்தது. இதெல்லாம் காரணம் என்று எனக்கு நானே இருபது வருஷம் சொல்லிக்கொண்டேன். காரணம் பயம், வேறொன்றும் இல்லை. நான் எழுந்து நின்று, "பாட்டு அவன் கட்டுனது. நான் வெறும் தாளம்" என்று சொன்னேன். தேசப்பன் அப்போது என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

ஊரில் அழகாக எழுதுகிறவன் நான் ஒருவன்தான். ஆகவே தீர்மானத்தையும் நானே எழுதினேன். தேசப்பன் குடும்பத்தோடு யாரும் பேசக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது, அவனுக்குச் சீட்டு இல்லை, ஊருக்குள் அவன் பாடக் கூடாது. மீறுகிறவனுக்கும் பாடு கிடையாது. இரண்டு பிரதி எழுதச் சொன்னார்கள், ஒன்றை அவன் கையிலேயே கொடுத்தார்கள். கை நடுங்காமல் எழுதினேன். ஒரு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது, அதைக் கூடக் கவனமாகச் சேர்த்தேன்.

எட்டு மாதம் கழித்து சுலோச்சனா செத்துப்போனாள். மஞ்சள் காமாலை. பொன்னேரிக்குக் கொண்டுபோகும்போதே முற்றிவிட்டது என்றார்கள். ஊரில் ஒரு சாவு விழுந்தால் அடக்கம் முடிகிற வரைக்கும் ஒருவரும் ஏரியில் வலை போட மாட்டோம். வீட்டுக்கு ஒரு ஆள் போய் நிற்போம். சின்னக் குழந்தை செத்தால் கூட அப்படித்தான். அன்றைக்குக் காலையில் எல்லாத் தோணியும் இறங்கியது. வேலை இல்லாதவன் கூடத் தோணியை இறக்கினான். ஊரில் சாவே இல்லை என்று காட்ட வேண்டும் அல்லவா. என் தோணியும் இறங்கியது. அன்றைக்கு என் முறை.

சாயங்காலம் நான்கு மணி இருக்கும். காற்று கரைப் பக்கமிருந்து வீசியது. தேசப்பன் பாட ஆரம்பித்தது ஏரியில் தெளிவாகக் கேட்டது. அதுதான் உன்னுடைய பத்தொன்பதாவது பாட்டு. சுலோச்சனாவின் அண்ணன் பொன்னேரியிலிருந்து டேப் ரிக்கார்டரோடு வந்திருந்தார், சாவு வீட்டுப் பாட்டைப் பதிவு செய்து வைத்துக்கொள்வது அப்போதெல்லாம் வழக்கம். உனக்குக் கேசட் கொடுத்தவரும் அவர்தான். எதற்குப் பாடியது என்று அவரும் சொல்லவில்லை, தேசப்பனும் சொல்லவில்லை. நீ அதைக் கற்பனைப் பாட்டு என்று நினைத்துக்கொண்டாய்.

நாலு பேரு வரலையேன்னு வெக்கப்படாத சுலோ
நடந்து நடந்து நாலு வாட்டி நானே தூக்குறேன்

உண்மையிலேயே ஊரிலிருந்து தூக்க ஒருவரும் வரவில்லை. தூக்கியது அவன், மச்சான், மச்சான் கூட்டி வந்த இரண்டு ஆட்டோக்காரர்கள். அந்த ஆட்டோக்காரர்கள் இல்லாவிட்டால் பாட்டில் இருக்கிறபடியேதான் ஆகியிருக்கும்.

இப்போது உன் குறிப்பை எடுத்துப் பார். "இந்தப் பாடலிலிருந்து தேசப்பனின் கலை புதிய கட்டத்துக்குள் நுழைகிறது. தாளத்தை அவர் முற்றிலுமாகத் துறக்கிறார். பத்திகளுக்கு நடுவே அவர் விடும் நீண்ட மௌனங்கள் துணிச்சலானவை" என்று எழுதியிருக்கிறாய். மினிமலிசம் என்று வேறு ஒரு சொல் போட்டிருக்கிறாய், வேண்டாததையெல்லாம் கழித்துவிட்டுச் சொல்வது என்று போனில் தேடித்தான் அர்த்தம் தெரிந்துகொண்டேன். வினோத், அது மௌனம் இல்லை. அவன் எனக்கு இடம் விட்டிருக்கிறான். கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பார், ஒவ்வொன்றும் சரியாக எட்டு எண்ணிக்கை. ஐந்து பத்தி, ஐந்து இடம். தீர்மானம் எழுதிய கைதான், ஆனாலும் வரும் என்று நினைத்தானோ, இல்லை வரவில்லை என்பதை எல்லோருக்கும் காட்டினானோ, எனக்குத் தெரியாது. அந்த இடங்களில் ஒரு நாய் குரைப்பதும், யாரோ இருமுவதும் கேட்கும். அதை நீ துடைக்காமல் விட்டதற்கு உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

ஏரியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? முதல் பத்தி முடிந்து அவன் நிறுத்தியதும் என் விரல்கள் தோணி விளிம்பில் தட்டின. இரண்டாவதற்கும் தட்டின. பக்கத்துத் தோணிக்காரன் திரும்பிப் பார்த்தான். மூன்றாவதற்குக் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இதைச் சொல்லி உன்னிடம் நல்ல பேர் வாங்கப் பார்க்கவில்லை. அன்றைக்கு என் வலையில் நல்ல இறால் விழுந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உங்கம்மா ஆக்கினாள், நீ இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாய். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறாயா, நானும் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதினான்கு மாதம் கழித்துத் தீர்மானத்தை ரத்து செய்தார்கள். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, ஊருக்குத்தான் அலுத்துவிட்டது. அதற்குள் அவன் தோணிரேவுக்குக் குடிபோய்விட்டான். சில வருஷம் போனதும் மகன் பெரியவனாகிற வரைக்கும் செத்தவனின் பெண்டாட்டி பேரில் பாடு தரலாம் என்று ஊரே மாற்றிக்கொண்டது. யார் பாட்டால் மாறியது என்று எவனும் வாயைத் திறக்கவில்லை, நானும் சேர்த்துத்தான். பட்டணத்தில் ஒரு மேடைக்கு அவனைக் கூப்பிட்டார்கள், குழுவோடு வரச் சொன்னார்கள். குழு இல்லை என்று அவன் போகவில்லை. இதை ஒரு ஆள் என்னிடம் சொன்னபோது, அப்படியா என்று கேட்டுவிட்டு பீடி பற்றவைத்தேன். அவன் பேர் வெளியே போகாததில் என் பங்கு என்று மேலே எழுதினேனே, அது இதுதான். பிறகு வந்த பாட்டெல்லாம் அவன் தீப்பெட்டியைத் தட்டிக்கொண்டு பாடியது, இல்லாவிட்டால் வெறும் குரல். முகத்துவாரம் தூர்ந்து, ஆட்கள் கம்பெனி வேனில் கூலி வேலைக்குப் போக ஆரம்பித்தபோது கட்டிய இருபத்தியேழாவது பாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முகத்துவாரம் தூந்துபோச்சு, மீனு உள்ள வர வழியில்ல
மனுசன் வெளிய போவ வழி கீது, வாசல்ல வேனு வந்து நிக்குது

இதைக் கேட்டுத்தான் எனக்கு முதலில் வயிற்றெரிச்சல் வந்தது. நான் இல்லாமல் அவன் இன்னும் நன்றாகப் பாடுகிறான். நீ உன் குறிப்பில் அதையே வேறு வார்த்தையில் எழுதியிருக்கிறாய். அந்தப் பகுதியில் ஒரு சொல்லைக் கூட மாற்றாதே. அவனுடைய பிற்காலப் பாட்டின் சிறப்பு அவனுடையது. அது என் துரோகத்தால் வந்தது என்று நான் பெருமை தேடிக்கொள்ளக் கூடாது.

போன வாரம் நீ இன்னொரு குண்டைப் போட்டாய். ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி கல்யாண மண்டபத்தில் விழா, ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் வருகிறார்கள், மாமா பக்கத்தில் உட்கார்ந்து நான் டோலக் வாசிக்க வேண்டும், மாமாவுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், சர்ப்ரைஸ் என்றாய். அவனை அப்படி மேடையில் மடக்குவது இரண்டாவது துரோகம். ஆகவே நேற்றுக் காலையில் நானே தோணிரேவுக்குப் போனேன். இந்த இருபது வருஷத்தில் அவனைச் சந்தையில், பஸ்ஸில், மற்றவர்கள் வீட்டு விசேஷத்தில் பார்த்திருக்கிறேன். அவன் வாசலுக்குப் போனது இதுதான் முதல் தடவை.

வாசலில் நாற்காலி போட்டு, நீ அனுப்பிய பாட்டைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தான். நண்டுப் பாட்டு ஓடியது. என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தான். "வாங்க" என்றான். டா போட்டே பேசிய மனுஷன். எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

"பத்தொம்பதாவது பாட்டுக்குப் பையன் எழுதியிருக்கறத பாத்தியா?" என்று கேட்டேன்.

"படிச்சுக் காமிச்சான். நல்லா எழுதியிருக்கான். நான் இவ்ளோ யோசிச்சுப் பாடுனேன்னு எனக்கே இப்பதான் தெரியுது" என்றான். கிண்டல்தான், ஆனால் சிரிக்கவில்லை.

"அது நெஜம் இல்லன்னு ஏன் அவங்கிட்ட சொல்லல?"

"நான் எதுக்குச் சொல்லணும்? ரெண்டு வருசமா மாமா மாமான்னு எங்கூட சுத்துறான். உங்களப் பத்திதான் வாய் ஓயாம பேசுவான். எங்க நைனா அடிச்சா இப்பிடி, எங்க நைனா அடிச்சா அப்பிடின்னு. அந்தப் புள்ள வாயில நான் மண்ணு போடறதா?" போனை மடியில் வைத்தான். "எழுதுனவரு நீங்க. உங்க கையெழுத்து முத்து முத்தா எனக்கு ஞாபகம் கீது. சொல்லணும்னா நீங்கதான் சொல்லணும்."

"சொல்லிடறேன். சொன்னப்புறமும் அவன் கூப்பிட்டா, ஞாயித்துக்கெழம நான் வந்து வாசிக்கட்டுமா?"

நண்டுப் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பித்து அதுவும் பாதி ஓடிவிட்டது. நான் மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை. ஊரே மிரட்டியும் அவன் சொல்லாத அந்தச் சொல்லை அவனிடம் நான் எந்த வாயால் சொல்வது.

"மத்ததுக்கெல்லாம் அடி" என்றான். "அதுக்கு மட்டும் அடிக்காத. எழுந்தும் போவாத. பக்கத்துலயே ஒக்காந்திரு."

அவ்வளவுதான். பிறகு சத்தத்தைக் கூட்டிக்கொண்டான். டீ குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. நான் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்து வந்து, அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த காலேஜ் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டியது. அறுபதை நெருங்குகிற ஆள் இப்படி நடுவழியில் அழுதது எனக்கே வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து உங்கம்மாவிடம் எல்லாம் சொன்னேன். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் இது அச்சில் வந்தால் என்ன ஆகும், இந்த ஊரிலேயே உன் தங்கச்சிக்கு இடம் பார்த்திருக்கிறோமே என்று நான்தான் இழுத்தேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள். "அன்னிக்கி நானும் கதவச் சாத்திக்கினுதான் இருந்தேன். மொத பிரசவத்துல எனக்கு இஞ்சி இடிச்சிக் குடுத்தவ சுலோச்சனா. அவ மூஞ்சியக் கடைசியா பாக்கல நானு. உம் பேரப் போட்டா எம் பேரையும் சேத்துப் போடச் சொல்லு" என்றாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து, ஒரு நாள் கூட நாங்கள் இரண்டு பேரும் இதைப் பேசியதில்லை.

ஆகவே உன் குறிப்பை மாற்று. தாளத்தைத் துறந்தார் என்பதை எடுத்துவிட்டு நடந்ததை எழுது. சுலோச்சனாவின் பேரைப் போடு, லட்சுமியின் பேரை அவளிடம் கேட்டுவிட்டுப் போடு. ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே யார் வாசித்தது என்று வரிசையாகப் போட்டிருக்கிறாயே, பத்தொன்பதுக்குக் கீழே டோலக் என்று போட்டு என் பேரை எழுது, பக்கத்தில் 'வரவில்லை' என்று எழுது. உங்கம்மா சொன்னதை எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, நீ படித்தவன், யோசி. ஊரில் என்ன வருமோ அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இதைப் படித்த பிறகு உனக்கு என்னோடு பேசப் பிடிக்காமல் போகலாம். எங்க நைனா அடிச்சா இப்பிடி என்று நீ சொல்லித் திரிந்ததை நேற்று அவன் வாயால் கேட்டபோதுதான் நான் எதை இழக்கப்போகிறேன் என்று எனக்குப் புரிந்தது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயந்தால் நான் என்ன செய்வேன் என்பது இப்போது உனக்கும் தெரியும், அதனால் இந்தக் கடிதத்தை எழுதி முடித்த கையோடு தபாலில் போட்டுவிடுகிறேன். உனக்கு ஒன்றே ஒன்று சொல்லும் உரிமை எனக்கு மிச்சம் இருக்குமானால், இதைச் சொல்வேன். ஊர் கூடி உன்னிடம் கேட்கிற நாள் உனக்கும் வரும், ஆபீசிலோ தெருவிலோ எங்கேயோ. அன்றைக்கு, நான் வெறும் தாளம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

நீ கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை வருவேன். கூப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன். வந்தால், பத்தொன்பதாவது பாட்டுக்கு டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அன்றைக்குத் தோணியை இறக்கியவர்கள் எல்லோரும் முன்வரிசையில் இருப்பார்கள். அவன் முதல் பத்தியை முடித்து நிறுத்துவான். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து யாராவது கைதட்டப் பார்ப்பார்கள். நீ மேடை ஓரத்தில் நின்று அவர்களைத் தடுத்துவிடு. அந்த எட்டு எண்ணிக்கையிலும் மண்டபத்தில் ஒரு சத்தமும் வரக் கூடாது. எல்லோரும் என் கையைப் பார்க்கட்டும்.

உன் நைனா